மூளை ஸ்கேன் பார்த்தே கவுன்சலிங் பலிக்குமா பலிக்காதா என்று சொல்லிவிடுவார்களாமே, உண்மையா?

தெற்குமாசி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டு விஷயம்தான், ஆனால் இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

என் தங்கைக்கு நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் உடம்பெல்லாம் வியர்த்துவிடும். பி.எட். முடித்தாள், வேலையும் கிடைத்தது. வகுப்பில் நிற்க முடியாமல் விட்டுவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு சோஷியல் ஆங்சைட்டி என்றார். மாத்திரைக்கு முன்னால் சி.பி.டி. என்கிற பேச்சு சிகிச்சையைப் பார்க்கலாம் என்றார். கே.கே.நகரில் ஒரு சைக்காலஜிஸ்டிடம் இப்போதுதான் போக ஆரம்பித்திருக்கிறோம். வாராவாரம் போகணும், போகிற போதெல்லாம் காசு.

இதற்கிடையில் சித்தப்பா வாட்ஸாப்பில் ஒரு விளம்பரம் அனுப்பியிருக்கிறார். வெளியூர் சென்டர் ஒன்று. மூளையை ஸ்கேன் எடுத்து, ஏ.ஐ. வைத்துப் பார்த்து, இவருக்குப் பேச்சு சிகிச்சை பலிக்கும், அவருக்கு மாத்திரைதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம். துல்லியம் 90 சதவீதத்துக்கு மேல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். "மாசக்கணக்கா காசக் கொட்டுறதுக்கு ஒரே தடவ ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமேடா" என்கிறார் சித்தப்பா. அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. யாராவது எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

ஒத்தக்கடைக்காரன்:
புதுமண்டபம் பக்கம் போனால் கிளி ஜோசியக்காரர் இதைவிடக் குறைவாகத்தான் வாங்குவார். கிளி சீட்டை எடுக்கும்போது சத்தமும் வராது.

கோடுகிறுக்கன்:
அண்ணே, கிண்டல் இருக்கட்டும். இதற்குப் பின்னால் நிஜமான ஆராய்ச்சி இருக்கிறது. எனக்கு ஊர் உசிலம்பட்டி, வேலை பெங்களூரில், மருத்துவப் படங்களைக் கொடுத்து கம்ப்யூட்டரைப் பழக்குகிற மெஷின் லேர்னிங்தான் பிழைப்பு. தெற்குமாசி, அந்த "90-க்கு மேல்" எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு.

2015-ல் ஸ்வீடனில் ஓர் ஆய்வு வந்தது. உங்கள் தங்கைக்கு இருக்கும் அதே பிரச்சினை. அது உள்ளவர்களுக்கு இணையம் வழியாக சி.பி.டி. கொடுத்தார்கள். சிகிச்சைக்கு முன்பே எஃப்.எம்.ஆர்.ஐ. எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதாவது ஸ்கேனருக்குள் படுத்திருக்கிறவருக்கு, அவரையே குறை சொல்வது போன்ற வாசகங்களைத் திரையில் காட்டுவது, அந்த நேரத்தில் மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது என்று பார்ப்பது. ஒரு வருடம் கழித்து யார் தேறியிருக்கிறார், யார் தேறவில்லை என்று கணக்கெடுத்தார்கள். பிறகு சப்போர்ட் வெக்டர் மெஷின் என்ற கணக்குமுறை, பழைய ஸ்கேனை மட்டும் பார்த்து இரண்டு கூட்டத்தையும் 92 சதவீதம் சரியாகப் பிரித்தது.

ஆய்வில் இருந்தவர்கள் 26 பேர். ஒரே ஒருவர் பக்கம் மாறினால் கிட்டத்தட்ட நாலு சதவீதம் ஏறி இறங்கிவிடும். ஆய்வாளர்கள் இதை ஒளிக்கவில்லை. உண்மையான துல்லியம் 73-லிருந்து 98 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார்கள். விளம்பரம் போடுகிறவர்கள் அந்த வரியை மட்டும் விட்டுவிடுவார்கள்.

அதே வருடம் ஜெர்மனியில் பேனிக் (திடீர் திடீரென்று கடும் பயம் வந்து அடைப்பது) நோயாளிகள் 49 பேரை வைத்து ஓர் ஆய்வு, 82 சதவீதம். 2016-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. குழு 38 பேரை வைத்துச் செய்தது. நோய் எவ்வளவு கடுமை என்பதை மட்டும் வைத்துக் கணிப்பதைவிட, மூளைத் தொடர்புகளையும் சேர்த்தால் கணிப்பு ஐந்து மடங்கு மேம்படுகிறது என்றார்கள். ஆக ஏதோ இருக்கிறது. ஆனால் எல்லாம் ஐம்பது பேருக்குள்.

வைகைமணல்:
நான் மதுரையில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். ஒரு விஷயத்தை முதலில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

நம்ம ஊரில் "மூளை ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று எழுதிக் கொடுப்பது மூளையின் அமைப்பைப் பார்ப்பதற்கு. கட்டி, ரத்தக் கசிவு, சுருக்கம், இப்படி. அதில் பயமும் தெரியாது, கவலையும் தெரியாது. கோடுகிறுக்கன் தம்பி சொல்வது வேறு. அதற்குக் கண் முன்னால் கண்ணாடி வைத்துத் திரை காட்டணும், கையில் பட்டன் கொடுக்கணும். நாங்கள் எப்போதாவது செய்வது ஆபரேஷனுக்கு முன்னால்: கட்டி இருக்கும் நோயாளியை விரலைத் தட்டச் சொல்லி, மனசுக்குள் வார்த்தை யோசிக்கச் சொல்லி, கைக்கும் பேச்சுக்கும் உரிய இடம் எது என்று பார்ப்போம். கத்தி அங்கே படக்கூடாது அல்லவா.

அதுவே பாடாய்ப் படுத்தும். மெஷின் கட்டட வேலை நடக்கிற மாதிரி சத்தம் போடும். படம் மூன்று மில்லிமீட்டர் கட்டங்களாக வரும், ஆள் ஒரு இருமு இருமினால் கட்டம் மாறிப்போகும். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னால் பெண்கள் தயங்குவார்கள், மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வரச் சொல்வோம். அதிலும் ஊக்கு மாட்டியிருக்கும். இதையெல்லாம் தாண்டிப் பயந்த சுபாவம் உள்ளவரை உள்ளே அனுப்பினால் அவசரத்துக்கு அமுக்கக் கையில் கொடுத்திருக்கும் பந்தைப் பாதியில் அமுக்கிவிடுவார், வெளியே எடுத்துவிடணும். பேனிக் நோயாளிகளை ஸ்கேன் செய்த ஆய்வு என்றால், குழாய்க்குள் படுக்க முடிந்த பேனிக் நோயாளிகளைச் செய்த ஆய்வு என்றுதான் நான் படிப்பேன்.

இன்னொன்று: டாக்டர் ஏதாவது சந்தேகப்பட்டு, திடீர் தலைவலி, வலிப்பு, வயசான பிறகு குணமே மாறிப்போவது என்று ஸ்கேன் கேட்டால் அதை மறுக்காதீர்கள். அது வேறு கணக்கு.

மல்லிகைச்சரம்:
வைகைமணல் அண்ணா, அந்தப் பந்தை அமுக்கியவள் நான். நீங்கள் எடுத்ததா என்று தெரியாது.

எனக்குப் பேனிக் இருந்தது. அரப்பாளையத்திலிருந்து தேனி பஸ் ஏறினால் செக்கானூரணி வருவதற்குள் நெஞ்சு அடைத்துச் செத்துவிடுவேன் என்று தோன்றும். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் சரியாக இருந்தது. சி.பி.டி.க்கு அனுப்பினார்கள். அங்கே சிகிச்சையாளர் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவை வாயில் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அது வழியாகவே மூச்சு விடச் சொன்னார். சுழல் நாற்காலியில் சுற்றினார். எந்த மூச்சு முட்டலுக்கும் படபடப்புக்கும் பயந்தேனோ அதை அவர் அறையிலேயே வரவழைத்து, "வந்துருச்சா, இருங்க, போகுதான்னு பாப்போம்" என்பார். போகும். அப்புறம் பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறி அடுத்த ஸ்டாப்பில் இறங்குவது, அதற்கடுத்த ஸ்டாப்பில் இறங்குவது. ஆரம்பத்தில் எனக்கு ஒரு துளி நம்பிக்கை இல்லை.

அந்தச் சமயத்தில் ஒரு கம்ப்யூட்டர் "உனக்கு இது பலிக்காது" என்று பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தால் நான் இரண்டாவது தடவை அந்தப் படி ஏறியிருக்க மாட்டேன். கணிப்பும் பலித்ததாகக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

பழையவாத்தியார்:
ஒரு சந்தேகம். நம்ம அரவிந்த் கண் மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படத்தை கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்வதாகப் படித்தேன். கூகுளோடு சேர்ந்து செய்தார்களாம். கண்ணில் முடிந்தது மூளையில் ஏன் முடியாது? கொஞ்ச நாள் போனால் வந்துவிடும்தானே?

கோடுகிறுக்கன்:
சார், அருமையான கேள்வி. அதே உதாரணத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

2016-ல் வெளியான அந்த ஆய்வில் பயிற்சிக்குக் கொடுத்த படங்கள் 1,28,175. அமெரிக்கப் படங்களோடு அரவிந்த் உட்பட இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. 54 கண் மருத்துவர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தையும் பலபேர் பார்த்து, நோய் எந்த அளவில் என்று குறித்துக் கொடுத்தார்கள். பின்னால் அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் புது நோயாளிகளிடம் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். 26 எங்கே, ஒன்றேகால் லட்சம் எங்கே.

எண்ணிக்கையை விடுங்கள். விழித்திரைப் படத்தில் நோய் ஏற்கெனவே இருக்கிறது. ரத்தக் கசிவு, கொழுப்புப் படிவு, விவரம் தெரிந்த கண் மருத்துவர் பார்த்தால் தெரியும். கம்ப்யூட்டர் இருப்பதைப் பார்த்துச் சொல்கிறது. இங்கே கேட்பது இன்னும் நடக்காத ஒன்றை. தங்கை மூன்று மாதம் கழித்து எப்படி இருப்பாள் என்பது மூளையில் மட்டுமா இருக்கிறது? வீட்டுப்பாடம் செய்வாளா, சிகிச்சையாளரோடு ஒத்துப்போகுமா, நடுவில் வீட்டில் ஏதாவது பிரச்சினை வருமா, எதுவும் ஸ்கேனில் பதிவாகாது.

அதோடு, விழித்திரையை இன்று எடுத்தாலும் அடுத்த வாரம் எடுத்தாலும் படம் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரே ஆளை அதே வேலையைச் செய்யச் சொல்லி இரண்டு தடவை எஃப்.எம்.ஆர்.ஐ. எடுத்த ஆய்வுகளை 2020-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். முதல் அளவும் இரண்டாவது அளவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு 0 முதல் 1 வரை மதிப்பெண் போட்டால், சராசரி 0.4 பக்கம்தான் வந்தது. அளவுகோலே ஆடுகிறது.

எங்கள் தொழிலில் இன்னொரு வியாதியும் உண்டு. ஒரே ஊர், ஒரே மெஷின், ஒரே குழுவின் நோயாளிகள் என்று வைத்துப் பழக்கினால், மாடல் (பழக்கிய கணக்குமுறை) நோயைக் கற்றுக்கொள்ளாமல் அந்த மெஷினின் கிறுக்கையும், யார் தலையை அதிகம் ஆட்டினார்கள் என்பதையும் கற்றுக்கொண்டு வந்து நிற்கும். வேறு ஊருக்குப் போனால் முழிக்கும். 2024-ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. அது ஸ்கேன் இல்லை, ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய்க்கான மருந்துச் சோதனைகளின் விவரங்கள். ஒரு சோதனையின் தரவில் பிரமாதமாகக் கணித்த மாடல், வேறொரு சோதனையின் நோயாளிகளிடம் காசு சுண்டிப் போடுவதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. மருந்துக்கே இந்தக் கதி.

உளநூல்:
தாமதமாக வருகிறேன். மதுரையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்.

எல்லாரும் துல்லியத்தையே பேசுகிறீர்கள். நான் வேறு இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஸ்கேன் முடிவு எப்படி வந்தாலும் தங்கை செய்யப்போவது மாறுமா? "பலிக்கும்" என்று வந்தால் சிகிச்சைக்குப் போவாள். "பலிக்காது" என்று வந்தால்? மாத்திரை, அல்லது மாத்திரையோடு அதே சிகிச்சை. அதை மூன்று மாதம் கழித்தும் செய்யலாம், சி.பி.டி. தொடங்கியதால் அந்த வழி அடைபடுவதில்லை. புற்றுநோயில் தவறான மருந்து கொடுத்தால் காலம் போய்விடும், அங்கே முன்கூட்டிய பரிசோதனைக்கு அர்த்தம் இருக்கிறது. இங்கே?

எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று இருக்கிறது, ஏனென்றால் அது சரியான கேள்வியைக் கேட்டது. 2013, அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகம், ஹெலன் மேபெர்க் குழு. மன அழுத்த (டிப்ரஷன்) நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு சி.பி.டி., மறுபாதிக்கு எஸ்ஸிடலோப்ராம் மாத்திரை, 12 வாரம். தொடங்கும் முன் பெட் ஸ்கேன், அதாவது மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு குளுக்கோஸ் செலவழிக்கிறது என்று பார்ப்பது. வலப்பக்க முன் இன்சுலா என்ற பகுதி குறைவாகக் குளுக்கோஸ் செலவழித்தவர்கள் சி.பி.டி.யில் தேறினார்கள், மாத்திரையில் தேறவில்லை. அதிகம் செலவழித்தவர்களுக்கு நேர்மாறு. "பலிக்குமா" என்பதோடு நிற்காமல் "இதுவா அதுவா" என்று கேட்டார்கள். அப்படிப்பட்ட முடிவு பெரிய கூட்டத்தில், பல ஊர்களில் நிலைத்து நின்றால் நானே எழுதிக் கொடுத்து அனுப்புவேன். இன்றுவரை எந்தச் சிகிச்சை வழிகாட்டியிலும் அது சேரவில்லை.

தெற்குமாசி, நம்ம ஊரில் இதுவா அதுவா என்று தேர்ந்தெடுக்கும் வசதியே எத்தனை பேருக்கு இருக்கிறது? 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, சாதாரண மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்கு எந்தச் சிகிச்சையும் எட்டவில்லை. மேலூரிலிருந்தும் பேரையூரிலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவர்களைத்தான் நான் பார்க்கிறேன். அவர்களில் பாதிப் பேர் நடுவில் வராமல் நின்றுவிடுவது மூளையின் அமைப்பால் இல்லை, பஸ் செலவால்.

கோடுகிறுக்கன்:
மேடம், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுதாக இல்லை. வசதி இல்லாத ஊரில்தான் கணிப்பு இன்னும் அவசியம் என்று நான் சொல்வேன். இருக்கும் பத்து இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரிய வேண்டாமா? ஸ்கேன் வேண்டாம், தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின் அலையைப் பார்க்கும் ஈ.ஈ.ஜி. மலிவு. இல்லாவிட்டால் வயது, தூக்கம், எத்தனை வருடப் பிரச்சினை என்ற விவரங்கள் மட்டுமே போதும். மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி மாதிரி பெரிய இடங்களில் ஆயிரக்கணக்கில் சேர்த்தால் நம்ம ஆட்களுக்கான மாடல் வரும். ஸ்வீடன்காரர் மூளையை வைத்து உசிலம்பட்டிக்காரரைக் கணிப்பதற்கு நானும் எதிர்ப்புதான்.

உளநூல்:
ஸ்கேன் இல்லாமல் விவரங்களை மட்டும் வைத்து என்றால் உங்கள் கட்சிக்கு நானும் வருகிறேன். இங்கிலாந்தில் ஓரளவு செய்தும் பார்த்துவிட்டார்கள். ஆனால் பத்து இடத்தை "தேறுவார் என்று கம்ப்யூட்டர் சொன்னவருக்கே" கொடுப்போம் என்று போனால், ஏழை, தனியாள், நாள்பட்டவர் என்று யாருக்குத் தேவை அதிகமோ அவரைத்தான் மாடல் முதலில் தள்ளிவிடும். பணம் இருந்தால் முதலில் இடத்தை நூறாக்குங்கள். கோவாவில் கல்லூரி உளவியல் படிக்காத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்து, கடுமையான மன அழுத்தம் உள்ளவர்களுக்கு 6 முதல் 8 அமர்வு நடத்தினார்கள். மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் நோயிலிருந்து வெளியே வந்திருந்தார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம். 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஸ்கேன் கிடையாது.

ஒத்தக்கடைக்காரன்:
கிண்டலை நிறுத்திவிட்டு ஒன்று கேட்கிறேன். அந்த ரிப்போர்ட் காகிதம் யார் கையில் இருக்கும்? பெண் பிள்ளை. நாளைக்கு வரன் பார்க்க வருகிறவர்கள் காதுக்கு "மூளை ஸ்கேன், ஏ.ஐ., சிகிச்சை பலிக்காதாம்" என்று போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நம்ம ஊர்க்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை. 2017 மனநலச் சட்டத்தில் ரகசியம் காக்கும் உரிமை இருக்கிறது, சரி. சித்தப்பா வாட்ஸாப் குரூப்புக்கு அந்தச் சட்டம் போய்ச் சேருமா?

நிர்வாகி:
இழை நன்றாகப் போகிறது. ஒரு குறிப்பு மட்டும்: படிப்பவர்களில் யாருக்காவது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இங்கே பதில் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள்.

தெற்குமாசி:
எல்லாருக்கும் நன்றி. அந்த சென்டருக்குப் போன் போட்டேன். எத்தனை பேரை வைத்துச் சோதித்தீர்கள், உங்கள் மாடலை வேறு ஊர் நோயாளிகளிடம் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "சார் நீங்க நேர்ல வாங்க, டாக்டர் எக்ஸ்பிளைன் பண்ணுவாரு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முன்பணம் எவ்வளவு என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார்கள்.

தங்கையிடமும் பேசினேன். "குழாய்க்குள்ள படுக்கச் சொன்னா வகுப்புக்கே போயிருவேண்ணே" என்றாள். ஸ்கேன் வேண்டாம் என்று முடிவு. சித்தப்பாவை அப்பா பார்த்துக்கொள்வார்.

மேடம், ஒன்று மட்டும் சொல்லுங்கள். முன்கூட்டித் தெரியாது, சரி. பாதி வழியில் போகும்போதாவது சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? எத்தனை வாரம் பொறுப்பது?

உளநூல்:
இதற்கு நல்ல வழி இருக்கிறது. ஸ்பின் என்று 17 கேள்விகள் கொண்ட ஒரு தாள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 68. கூட்டத்துக்குப் பயம், முகம் சிவப்பது, வியர்வை, பிறர் குறை சொல்வது, எல்லாம் அதில் வரும். முதல் நாள் ஒன்று, பிறகு வாரம் ஒன்று என்று அமர்வுக்கு முன்னால் தங்கையே நிரப்பட்டும். நிரப்பும்போது நீங்கள் பக்கத்தில் நிற்காதீர்கள். மதிப்பெண்ணை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே போகலாம்.

சிகிச்சையாளரே பார்த்துச் சொல்லிவிடுவாரே, தாள் எதற்கு என்று தோன்றும். 2005-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வில் 550 பேர் சிகிச்சையில் இருந்தார்கள், அவர்களில் 40 பேர் மோசமாகிப் போனார்கள். யார் மோசமாவார் என்று சிகிச்சையாளர்களிடம் முன்பே கேட்டபோது அவர்கள் குறித்துக் கொடுத்தது 3 பேரை. கேள்வித்தாள் மதிப்பெண்ணை வைத்துப் போட்ட சாதாரணக் கணக்கு அந்த 40-ல் பெரும்பாலானவர்களைப் பிடித்துவிட்டது. நான் உட்பட எங்கள் எல்லாருக்கும் நம்ம ஆள் தேறிவிடுவார் என்ற ஆசை இருக்கும், அதனால்தான் தாள்.

சோஷியல் ஆங்சைட்டிக்கு வழக்கமாக 12 முதல் 16 அமர்வு. ஆறாவது வாக்கில் நோட்டைப் பாருங்கள். எண் இறங்கியிருந்தால் அப்படியே போகலாம். அசையவே இல்லை என்றால் சிகிச்சையாளரிடம் நேராகக் கேளுங்கள்: அறைக்கு வெளியே பயிற்சி ஆரம்பித்துவிட்டோமா, கடையில் போய் விலை கேட்பது, நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசுவது என்று? வெறும் பேச்சாகவே ஆறு வாரம் போயிருந்தால் அது சி.பி.டி.யே இல்லை. பயிற்சியும் நடக்கிறது, எண்ணும் அசையவில்லை என்றால் டாக்டரிடம் மாத்திரை சேர்ப்பது பற்றிப் பேசுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்டால் கோபப்படுகிற சிகிச்சையாளர் என்றால் ஆளை மாற்றுங்கள். அவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேட்பதில் தப்பே இல்லை.

தாளின் தமிழ் வடிவம் அவரிடமே இருக்கும். இல்லை என்றால் எனக்குத் தனிச் செய்தி போடுங்கள்.

மல்லிகைச்சரம்:
தெற்குமாசி, தங்கை டவுன்ஹால் ரோட்டில் விலை கேட்கப் போகிற அன்றைக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்றால் சொல்லுங்கள். நான் எதையும் வாங்காமல் பத்து கடை ஏறி இறங்கிப் பழகியவள்.